3.9 வோல்ட் காட்டிக்கொண்டே செத்துப்போன போன்

அம்மாவின் அலுமாரியில், கட்டாத சேலைகளுக்கு அடியில், ஒரு நோக்கியா என்73 கிடந்தது. 2010 இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாமா திரும்பிப் போகும்போது தந்துவிட்டுப் போனது. அதற்குள் அம்மம்மாவின் குரல் இருக்கிறது என்று அம்மா சொன்னா. குசினியில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டு அம்மம்மா சொல்லச் சொல்ல, நான்தான் பதிந்தேனாம். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை.

"ஒருக்கா எடுத்துத் தாவன். உதுகள் எல்லாம் கழட்டிப் பூட்டுறனிதானே."

போனைப் பார்த்தவுடனே ஒன்று தெரிந்தது. பின்மூடியை யாரும் திறக்கத் தேவையில்லை, பற்றரியே தள்ளித் திறந்து வைத்திருந்தது. மாரி மழையில் நனைந்த பிஸ்கட் மாதிரி ஊதிப்போயிருந்தது. ஊதின லிதியம் பற்றரியைக் குத்தக்கூடாது, வளைக்கக்கூடாது, திரும்பச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவும் கூடாது. எங்கள் ஊரில் பின்னேரம் வளவைக் கூட்டிக் குப்பை கொளுத்துகிற பழக்கம் இருப்பதால் இதையும் சொல்லவேண்டும்: தப்பித் தவறியும் அந்தக் குப்பைக்குள் போய்விடக் கூடாது. நான் அதில் அளக்கவேண்டியதை அளந்த பிறகு, மணல் நிரப்பிய ஒரு மண்சட்டிக்குள் வைத்து வெளியே கொண்டுபோய் விட்டேன்.

புதுப் பற்றரி வாங்கினால் வேலை முடிந்ததே என்று நினைப்பீர்கள். அதுதான் நானும் நினைத்தது. இந்தப் போனுக்கு வருவது பி.பி.-6எம் என்ற தடித்த பற்றரி. இதுவே பி.எல்.-5சி என்றால் கவலையே இல்லை. மலிவு விலை எஃப்.எம். றேடியோக்கள் புண்ணியத்தில் அது இன்னும் எங்கேயும் கிடைக்கும். ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கடையில் பழைய இருப்பில் ஒன்றை எடுத்துத் துடைத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து வோல்ட் அளக்கிற மீற்றரை வைத்தால் அரை வோல்ட்டும் இல்லை. கடையில் வைத்தே அளந்து பார்க்காதது என் பிழை.

சரி, பற்றரி இல்லாமல் சார்ஜரைக் குத்தினால் போன் வராதா? வராது. சார்ஜர் இந்தப் போன்களில் பற்றரியை நிரப்பத்தான். போன் ஓடுவது பற்றரியில். அதோடு பற்றரி இருக்கிறதா, அது எந்த வகை என்று போன் முதலில் கேட்டுப் பார்க்கும். அதற்காகத்தான் பற்றரியில் பிளஸ், மைனஸ் தவிர இன்னொரு தகடு. அந்தத் தகட்டுக்கும் மைனஸுக்கும் இடையில் பற்றரிக்குள்ளே ஒரு ரெசிஸ்ரர், அதாவது மின்தடை, இருக்கிறது. போன் அதன் அளவைப் பார்த்து "இது நம்ம ஆள்" என்று முடிவு செய்யும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மின்சாரம் கொடுத்தாலும் போன் முரண்டு பிடிக்கும்.

ஊதின பற்றரியில் அந்த இரண்டு தகட்டுக்கும் இடையே மின்தடையை ஓமில் அளந்து குறித்துக்கொண்டேன். பல பத்தாயிரம் ஓம் வந்தது. எண்ணை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அதையே வாங்கிப் போடுவீர்கள். பற்றரி வகைக்கு வகை அது மாறும், உங்களுடையதை நீங்களே அளந்து பாருங்கள். எனக்குச் சரியான ரெசிஸ்ரர் ஒன்றாகக் கிடைக்கவில்லை. உடைந்த ரீவீப் பலகையில் இரண்டைப் பிடுங்கி வரிசையில் சேர்த்ததும் கிட்டத்தட்ட அதே அளவு வந்தது. கொஞ்சம் முன்பின் இருந்ததைப் போன் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது பற்றரியின் இடத்தில் உட்கார ஒரு பொய்ப் பற்றரி. முதலில் காய்ந்த பனை மட்டையில் ஒரு துண்டு செதுக்கினேன். யாழ்ப்பாணத்தானுக்குப் பனையை விட்டால் வேறு என்ன ஞாபகம் வரும்? ஆனால் நார் நாராகப் பிய்ந்து, ஒரு மூலை சரிவந்தால் மறு மூலை போய்விட்டது. கடைசியில் பிஸ்கட் பெட்டி அட்டையை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துச் சவர அலகால் சீவினேன். அளவு அச்சொட்டாக வந்தது. போனின் ஊசிகள் தொடுகிற இடத்தில் தகடு வேண்டும். காகிதக் கிளிப்பை வளைத்து வைத்தது சரிவரவில்லை, அது இரும்பு, மேலே பூச்சு வேறு. வீட்டு வயரிங் மிச்சத்தில் கிடந்த 1.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியைத் தோல் உரித்து, அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். அம்மா பார்த்துவிட்டு அம்மியைக் கழுவச் சொன்னா, அதையும் செய்தேன். மூன்று செம்புத் தகடு, அட்டையில் மூன்று வெட்டு, சுப்பர் குளூ. ரெசிஸ்ரர் அட்டையின் வயிற்றுக்குள் போய்விட்டது.

இதுவரை கைவேலைதான். மின்சாரம் கொடுக்கிற விஷயத்தில்தான் மூன்று நாள் போனது.

முதல் நாள் கைக்குக் கிடைத்தது 5 வோல்ட் போன் சார்ஜர். போனுக்கு வேண்டியது 3.7 இலிருந்து 4 வரை, 4.2 ஐத் தாண்டவே கூடாது. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சாதாரண டயோட்டு ஒன்று 0.7 வோல்ட் விழுங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டை வரிசையில் போட்டால் 5 இல் 1.4 போக 3.6. மீற்றரில் 4.1 காட்டியது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒன்றும் இழுக்காதபோது டயோட்டு கொஞ்சம்தான் விழுங்கும், இழுக்க இழுக்கத்தான் கூட விழுங்கும். 0.7 என்பது பாடசாலைக் கணக்குக்கு வைத்த எண். 1என்4007 வகை டயோட்டே 1 அம்பியருக்குத்தான். அதற்கு மேல் இழுத்தால் அது ஏறக்குறைய ஒரு வோல்ட்டை முழுங்கிவிடும்.

சுவிட்சை அழுத்தினேன். போன் ஒருமுறை அதிர்ந்தது. வெள்ளைத் திரை, இரண்டு கைகள் ஒன்றையொன்று தேடி வந்தன. கை கோர்க்கமுன் அணைந்தது. பத்துத் தரம் அழுத்தியிருப்பேன். பத்துத் தரமும் அந்தக் கைகள் தொட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் எல்.எம். 317, வோல்ட்டைக் குறைத்து ஒரே அளவில் வைத்திருக்கிற சில்லு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வருகிற வோல்ட் வெளியே போவதைவிட 2 வரை கூடுதலாக இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். 5 ஐக் கொடுத்து 3.9 கேட்டால் கிடைக்காது, 3 ஐத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. றவுட்டரின் 12 வோல்ட் அடப்டரைக் கொடுத்தால் 3.9 வந்தது, ஆனால் மிச்ச 8 வோல்ட்டும் சூடாக வெளியேறி விரலைச் சுட்டது. கழற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போய் எல்.எம். 2596 என்ற சின்னப் பலகை ஒன்று வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சிறியது. 12 வோல்ட்டைச் சூடாக்கி வீணாக்காமல், வெட்டி வெட்டிக் குறைத்துத் தரும். 3 அம்பியர் வரை என்று போட்டிருந்தது. இதை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கையில் கிடைக்கும்போது அது எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று தெரியாது, போனில் கொடுக்கமுன் மீற்றரை வைத்துத் திருகிச் சரி பாருங்கள். அந்தப் பித்தளைத் திருகு பல சுற்றுச் சுற்றும். முதல் பத்துச் சுற்றுக்கு எண் அசையாவிட்டால் பலகை பழுது என்று எறிந்துவிடாதீர்கள். 3.9 க்கு வைத்தேன். முதலைக் கிளிப் வைத்த சோதனை வயர் இரண்டால் பொய்ப் பற்றரியோடு தொடுத்தேன்.

கைகள் கோர்த்துக்கொண்டன!

நேரம் கேட்டது, திகதி கேட்டது. இத்தனை வருடம் மின்சாரமே இல்லாமல் கிடந்ததில் மணிக்கூடு அழிந்துவிட்டது. பதிவுகள் அழிந்திராது என்று எனக்குத் தெரியும், ஃபிளாஷ் நினைவகத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. அம்மா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டா. திரையின் மேல் மூலையில் சிக்னல் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தக் கணத்திலேயே போன் செத்தது.

திரும்ப. அதே இடத்தில் செத்தது. திரும்ப. மீற்றர் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 3.8 இலேயே நின்றது. வோல்ட் இருக்கிறது, போன் இல்லை. மீற்றர் பொய் சொல்கிறதா, போனுக்குள்ளேயே பழுதா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

விறாந்தையில் சித்தப்பா றேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் தரம் அணைந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டேய், உந்தப் போனை அங்கால கொண்டுபோ. நீ உதைப் போடுற நேரமெல்லாம் என்ர றேடியோ இரையுது."

எப்படி இரைகிறது என்று கேட்டேன். "ட்டட்-டட் ட்டட்-டட் எண்டு. முந்திக் கோயில் ஸ்பீக்கரில ஐயரின்ர போனுக்குக் கோல் வர முதல் வருமே, அது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. றேடியோவை மேசைக்கே கொண்டுவந்தோம். சுவிட்சை அழுத்தி இருவரும் காத்திருந்தோம். கை கோர்த்தது, நேரம் கேட்டது, சிக்னல் கோடு வந்தது, றேடியோ "ட்டட்-" என்றது. "டட்" வரமுன் போன் அணைந்தது.

அந்த இரைச்சல் என்னவென்றால், பழைய ஜி.எஸ்.எம். போன் கோபுரத்தோடு தொடர்ச்சியாகக் கதைப்பதில்லை. நேரத்தை 4.6 மில்லி செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.577 மில்லி செக்கன் மட்டும் கத்திவிட்டு வாயை மூடும். செக்கனுக்கு 217 தரம் இப்படி. அதுதான் றேடியோவில் கேட்பது. கத்துகிற அந்தக் கண நேரத்தில் 2 அம்பியர் அளவுக்கு இழுக்கும். நல்ல பற்றரி அதைச் சட்டென்று கொடுத்துவிடும். என் முதலைக் கிளிப் வயர்கள் கொடுக்கவில்லை. கிளிப், வயர், தகடு எல்லாமாகப் போய்வர அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அம்பியர் போனால் அதில் மட்டும் 1 வோல்ட் விழும். பலகை வாசலில் 3.9, போன் வாசலில் 2.9. அவ்வளவுக்கு இறங்கினால் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

மீற்றர் ஏன் 3.8 காட்டியது? அது ஒரு செக்கனுக்கு இரண்டு மூன்று தரம்தான் எண்ணை மாற்றும். அதற்குள் நடந்ததையெல்லாம் கூட்டிச் சராசரி போட்டுச் சொல்லும். எட்டில் ஒரு பங்கு நேரம் ஒரு வோல்ட் விழுந்தால் சராசரியில் 0.12 தான் குறையும். மீற்றரைப் பிழை சொல்ல முடியாது. நான் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது.

சித்தப்பாவுக்கு 0.577 பற்றியெல்லாம் அக்கறையில்லை. "பெரிய கெப்பாசிற்றர் ஒண்டு போடு," என்றார். "நாங்கள் டைனமோவுக்குப் போட்ட மாதிரி."

1990 க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ் குடாநாட்டில் பல வருடம் மின்சாரமே இல்லை, றேடியோவுக்குப் போடுகிற பற்றரியும் தடைப் பட்டியலில். அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோ கேட்ட கதை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். சுற்றுவது சின்னப்பிள்ளைகள், கேட்பது பெரியாட்கள். நான் கேட்டிராத பகுதி ஒன்றை அன்றைக்குத்தான் சித்தப்பா சொன்னார். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் மாறி மாறி ஓடுகிற மின்சாரம். பழுதான றேடியோக்களில் பிடுங்கின நாலு டயோட்டைப் பாலம் கட்டி நேராக்கினார்களாம். றேடியோ பாடியது. ஆனால் பி.பி.சி. தமிழோசைச் செய்தியில் வாசிப்பவர் குரலை உயர்த்துகிற இடத்திலெல்லாம் றேடியோ விக்கியது. சத்தம் கூடினால் இழுப்பும் கூடும், சுற்றுகிற கை அந்த நொடிக்கு ஈடுகொடுக்காது. "பேந்து கொழும்பில இருந்து வந்த ஒரு பழைய அம்பிளிஃபயருக்குள்ள இருந்த கெப்பாசிற்றரைக் கழட்டிப் போட்டம். விக்கல் நிண்டுது." கிணற்றில் ஊற்று மெதுவாக ஊறினாலும் தொட்டியில் நிரப்பி வைத்தால் குளிக்கும்போது தட்டுப்படாது, அவ்வளவுதான் என்றார்.

கெப்பாசிற்றர், செத்த கொம்பியூட்டர் பவர் சப்ளை ஒன்றிலிருந்து வந்தது. அதில் கவனம். மெயின்ஸ் பக்கம் இருக்கிற இரண்டு தடித்த கெப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேலேயும் தேங்கி நிற்கும், பிளக்கைக் கழற்றின பிறகும் நிற்கும். என்னுடையது வருடக்கணக்காகக் கிடந்தது, இருந்தும் மீற்றரை வைத்துப் பூச்சியம் என்று பார்த்த பிறகே கை வைத்தேன். எடுத்தது வெளிப்பக்கத்து 2200 மைக்ரோ ஃபரட், 16 வோல்ட், இரண்டு. உப்பியிருந்த மூன்றாவதை விட்டுவிட்டேன். இவை சட்டென்று கொட்டக்கூடிய வகை, இதற்கு நன்றாகப் பொருந்தும்.

ஒன்று போதுமா என்று ஒரு கணக்கு. 2 அம்பியர், 0.577 மில்லி செக்கன், 2200 மைக்ரோ ஃபரட். முழுச் சுமையையும் அது ஒன்றே தூக்கினால் அரை வோல்ட் விழும். இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். மிச்சத்தைப் பலகை பார்த்துக்கொள்ளும். ஆனால் எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். முதலில் நான் பலகையின் வாசலில் சோல்டர் செய்யப் போனேன். சித்தப்பா தடுத்தார். "தொட்டியைக் கிணத்தடியில கட்டினா குழாய் சின்னன்தானே? குளிக்கிற இடத்தில கட்டு." உண்மைதான். மெல்லிய வயருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தேக்கி வைத்தாலும் அதே அரை ஓமுக்குள்ளால்தான் வரவேண்டும். பொய்ப் பற்றரியின் செம்புத் தகட்டிலேயே, கால்களைக் குட்டையாக வெட்டி, பிளஸும் மைனஸும் இரண்டு தரம் பார்த்துச் சோல்டர் செய்தேன். முதலைக் கிளிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சியிருந்த வீட்டு வயரை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நேரடியாகப் பலகைக்கு. பார்க்க அசிங்கம். போனின் முதுகில் இரண்டு தகரப் பீப்பா முளைத்த மாதிரி.

போடப் போகிற நேரம் கரண்ட் போய்விட்டது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை வெட்டின காலத்தில் றவுட்டருக்கென்று வாங்கின 12 வோல்ட் பற்றரி ஒன்று மேசைக்கு அடியில் இருந்தது. பலகைக்கு அடப்டரும் ஒன்றுதான், பற்றரியும் ஒன்றுதான். அதில் கொடுத்தேன்.

ரோச் வெளிச்சத்தில் மூன்று தலை. கை கோர்த்தது. நேரம் கேட்டது. சிக்னல் கோடு வந்தது. றேடியோ "ட்டட்-டட் ட்டட்-டட் ட்டட்-டட்" என்று முழுதாக இரைந்து முடித்தது. போன் அப்படியே நின்றது. திரையில் சிம் பதிவு தோல்வி என்று வந்தது. பல வருடம் பாவிக்காத சிம், இலக்கம் எப்போதோ போயிருக்கும். ஆனால் போனுக்கு அது தெரியாதே, ஒவ்வொரு முறையும் நம்பிக் கோபுரத்தைக் கூப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறது.

அதை வாசித்த சித்தப்பா கேட்டார்: "அப்ப முதலே சிம்மைக் கழட்டிப்போட்டுப் பாத்திருக்கலாமே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் யாருக்கும் தெரியாமல் இன்னொரு அட்டை செய்து, கெப்பாசிற்றர் இல்லாமல், பழைய முதலைக் கிளிப்போடு, சிம்மைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஓஃப்லைனில் அரை மணிநேரம் அசையாமல் ஓடியது. ஆக, போனிலிருந்து படமோ பதிவோ எடுப்பதுதான் உங்கள் தேவை என்றால் முதலில் சிம்மைக் கழற்றுங்கள். என் மூன்றாம் நாள் முழுவதும் உங்களுக்கு மிச்சம். இன்னொன்று, இப்படி வெளியிலிருந்து கொடுக்கும்போது போனின் சார்ஜரையும் சேர்த்துக் குத்திவிடாதீர்கள். பற்றரி என்று நம்பி அது உங்கள் பலகைக்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும்.

பதிவு இருந்தது. போனின் நினைவகத்தில், பெயர்கூட வைக்காமல். புளூடூத்தில் என் போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் போட்டேன், இடையில் அணைந்தாலும் பரவாயில்லை என்று.

முதலில் அடுப்புச் சத்தம். பிறகு அம்மம்மா: "ஒடியல் மாவை நல்லாக் கழுவி ஊறவிடு, இல்லாட்டிக் காறும். நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிஞ்சாப் பிறகுதான் மா. செத்தல் மிளகாயை அம்மியில அரைச்சு... உது என்ன கையில? போன் எண்டா காதில வையன், ஏன் என்ர வாய்க்குக் கிட்ட வைக்கிறாய்?" பிறகு நான் சிரிக்கிற சத்தம், குரல் இன்னும் முழுதாக உடையாத சிரிப்பு. அதோடு முடிந்துவிட்டது.

கரண்ட் வரும் வரைக்கும் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டா. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சொன்னா:

"பழப்புளி எவ்வளவு எண்டு சொல்லேல்லையே."